புகைக்கொட்டகைத் தீயும் கந்தகத்தின் சூடும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இரசாயனப் பாடம் புத்தகத்தில் தொடங்கவில்லை. பெரட்டு முடிந்த விடியற்காலையில் தொடங்கியது. மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தனர். அங்கே நீர் கலந்து, பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்தனர். அப்பொழுது கை உணரத்தக்க சூடு எழுவதில்லை. உறைந்ததை உருளையிலிட்டுச் சீட்டாக்கிப் புகைக்கொட்டகையில் தொங்கவிட்ட பின்னரே தீ வந்தது. ரப்பர் விறகு எரிந்து வெப்பத்தை உமிழ்ந்தது. சீட்டிலிருந்த நீர் அவ்வெப்பத்தைக் கொண்டு ஆவியாயிற்று. முன்னது இரசாயன வினை, பின்னது நிலைமாற்றமே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இன்னும் உளர்.

பெரிய வினை நடந்தது சீட்டு கப்பலேறிய பின்னர். அதன் கதை மலாயாவில் ரப்பர் மரம் நடப்படுமுன்பே தொடங்குகிறது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது கோடையில் பிசுபிசுக்காமலும் குளிரில் விறைத்து வெடிக்காமலும் நிற்கக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இலேயே உரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இம்முறை கிட்டியிராவிடில், 1877இல் சிங்கப்பூர் வந்திறங்கிய 22 கன்றுகளைப் பொருட்படுத்துவார் இருந்திரார். இத்தனை ஆயிரம் தமிழரைத் தோட்டத்திற்கு அழைத்துவருவாரும் இருந்திரார்.

'சூடாக்கினால்தான் நடக்கிறது, ஆகவே இது வெப்பங்கொள் வினை' என்று மாணவர் எழுதுவதுண்டு. அது பிழை. அச்சூடு வினையைத் தொடக்கி விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. தீக்குச்சியை உரசுவது போல. கந்தகம் ரப்பரோடு பிணையும்போது வெப்பம் வெளிப்படவே செய்கிறது. டயர் ரப்பரில் கந்தகம் நூற்றுக்குச் சில பங்கே ஆதலின் அது சிறிது. நூற்றுக்கு முப்பது பங்களவு சேர்த்து எபோனைட் ஆக்கும்போதோ மிகுதி. ரப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால் தடித்த கட்டியின் உட்புறம் தன் சூட்டிலேயே கருகிவிடும் அபாயமுண்டு. கிராணிமார் சட்டைப்பையில் செருகிய அந்நாளைய ஊற்றுப்பேனாக்கள் பலவற்றின் கருங்கூடு இந்த எபோனைட்டே.

அப்படியாயின் ஆற்றலைக் கொள்ளும் வினை எங்கே நிகழ்ந்தது? மரத்தின் இலையில். வெயிலை வாங்கிக் கரியமிலவாயுவையும் நீரையும் இலை சர்க்கரையாக்கிற்று. அதிலிருந்தே பாலும் விறகும். புகைக்கொட்டகைத் தீ திருப்பித் தந்தது அந்த வெயிலைத்தான். மரத்தின் உழைப்பும் பால்வெட்டுத் தொழிலாளர் உழைப்பும் தோட்டத்தில். கந்தக வினையும் அதன் ஆதாயமும் பெரும்பாலும் அக்ரன், பர்மிங்காம் போன்ற தொலைதூர நகரங்களில். இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது.