நெடும்பாட்டும் இசைத்தட்டும்



ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நீள வேண்டும்? கேட்பவரின் சுவையைப் பொறுத்தது என்பர் சிலர். பாடுபவரின் ஆற்றலைப் பொறுத்தது என்பர் வேறு சிலர். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், இவ்விரண்டினும் வலிய காரணங்கள் வேறு இரண்டு உண்டென்பது புலனாகும். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் சொந்தமாகக் கிடைத்த நேரம் எவ்வளவு என்பது ஒன்று. அந்த நேரத்தைப் பிடித்து வைப்பதற்குக் கிடைத்த கருவி எது என்பது மற்றொன்று. இவ்வுண்மையை விளக்குதற்கு, ஒன்றையொன்று அறியாத இரண்டு கலைகளை இன்று அருகருகே வைத்துப் பார்க்கலாம் என எண்ணுகிறேன். ஒன்று, 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே தோன்றிய 'முற்போக்கு ராக்' என்னும் இசைவகை. மற்றொன்று, ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் ஆடப்பெற்று வரும் காமன் கூத்து.

முதலில் இசைத்தட்டின் கதையைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் வழங்கிய இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். நம் சங்கீத வித்துவான்கள் ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தை அந்த நான்கு நிமிடத்துக்குள் சுருக்கிப் பாட வேண்டியதாயிற்று. நீண்ட நாடகங்களைக் கேட்க விரும்பியோர் பல தட்டுக்களைச் சேர்த்து வாங்கினர். தமிழகத்தில் இத்தகைய நாடகத் தொகுதிகளை 'செட்' என்றே மக்கள் வழங்கினர். மேனாட்டில் அத்தட்டுக்களைப் புத்தகம் போன்ற அட்டைக்குள் வைத்து விற்றனர். நிழற்படங்களை ஒட்டி வைக்கும் ஏட்டை ஒத்திருந்தமையால் அதற்கு 'ஆல்பம்' என்று பெயர் வந்தது. தட்டின் உருவம் மாறிய பின்பும் அப்பெயர் மாறவில்லை.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைப் பதிக்க முடிந்தது. ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மெல்லிசைக் கலைஞர்களுள் பலர் அப்பெரிய இடத்தைப் பன்னிரண்டு சிறு பாட்டுக்களால் நிரப்பினார்களே அன்றி, அதனை ஒரே வீடாகக் கருதிக் கட்டினாரில்லை. 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' என்னும் தொகுதி, தட்டு முழுவதையும் ஒரே படைப்பாக எண்ணும் வழக்கத்தைப் பரப்பியது. அதன் பின்னரே முற்போக்கு ராக் தழைத்தது.

1969ஆம் ஆண்டு அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுதி வெளிவந்தது. ஐந்தே உருப்படிகள். ஒவ்வொரு கட்டையை அழுத்தும் போதும் முன்பே பதித்த ஒலிநாடா ஓடி, வயலின் கூட்டத்தின் குரலைத் தரும் மெல்லோட்ரான் என்ற கருவியை அவர்கள் அதில் கையாண்டனர். 1972இல் யெஸ் குழுவினர் 'குளோஸ் டு தி எட்ஜ்' என்னும் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படிக்கு ஒதுக்கினர். அதே ஆண்டில் ஜெத்ரோ டல் குழுவினர், 'திக் அஸ் எ பிரிக்' என்னும் தட்டின் இரு பக்கங்களிலும் ஒரே பாட்டைப் பாடினர். தட்டைத் திருப்பிப் போடும் சிறு இடைவேளை மட்டுமே அதற்குத் தடை. 1973இல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' காலம், பணம், மரணம், மனக்கலக்கம் ஆகியவற்றைப் பற்றியது. இதயத் துடிப்பின் ஒலியோடு தொடங்கி இதயத் துடிப்பின் ஒலியோடு முடியும் அத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் எழுநூறு வாரங்களுக்கு மேல் இடம்பெற்றிருந்தது.

இவ்விசையின் இலக்கணத்தைச் சுருங்கக் கூறின், மூன்று கூறுகள் தென்படும். ஒரு கதையோ கருத்தோ தொகுதி முழுவதையும் ஊடுருவி நிற்கும். தாளம் இடத்துக்கிடம் மாறும். முதலில் கேட்ட ஒரு சிறு இசைத்துணுக்கு, நெடுநேரம் கழித்து வேறு வேடத்தில் மீண்டு வரும். முதற் சந்திப்பில் கேட்டதை நினைவில் வைத்திருப்பவனுக்கே பின்னர் வரும் மறுசந்திப்பின் இன்பம் கிட்டும். ஆதலால், கேட்பவனிடம் பொறுமையை வேண்டி நிற்கும் இசை இது. 1970களின் பிற்பகுதியில், சுருக்கமும் வேகமும் வேண்டிய இளையோர் இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கினர். எனினும் அது மாயவில்லை. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்ததும், ஒரு பக்க எல்லை என்பதே நீங்கியது. 1999இல் டிரீம் தியேட்டர் குழு முற்பிறவிக் கதை ஒன்றை எழுபது நிமிடத்துக்கும் மேலாக விரித்துப் பாடியது.

நம் நாட்டுப் பக்கமும் இதன் உறவினரைக் காணலாம். 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் தொகுதி தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாட்டுத் துணையின்றி வயலின் முதலிய கருவிகளே அதிற் பேசின. பெங்களூரைச் சேர்ந்த அகம் குழு, கருநாடக இசையை முற்போக்கு ராக்கோடு இணைத்து 2012இல் தன் முதல் தொகுதியை வெளியிட்டது.

இனி மலைநாட்டை நோக்குவோம். நெடுந்தட்டும் மெல்லோட்ரானும் இல்லாத மக்கள், மாலையில் உழைத்துக் களைத்து லயத்துக்குத் திரும்பும் மக்கள், இத்தகைய நெடும்படைப்பு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு காத்து வந்தனர் என்பதே நாம் அறிய வேண்டுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் படிப்படியாகத் தேயிலைக்காகவும், தமிழகத்தின் திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தோர் பலர். வழியிலே மாண்டோரும் பலர். அவர்கள் கொண்டுவந்த மூட்டையிலே அதிகம் இருந்திராது. ஆயினும் பாட்டுக்கும் கூத்துக்கும் மூட்டை வேண்டுவதில்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் அவ்வாறே மலையேறி வந்தன.

தோட்டத்தில் பகற்பொழுது தொழிலாளிக்குச் சொந்தமன்று. விடியற்காலையில் தப்பு முழங்கியதும் பிரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பர். கொழுந்து நிறுக்கும் நேரமும் வேலை முடியும் நேரமும் பிறர் வகுத்தவை. வியப்பு என்னவெனில், வேலைக்கு அழைத்த அதே தப்புத்தான் மாசி இரவுகளில் கூத்துக்கும் அழைத்தது. தோலைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றிய அத்தப்பு, காலையில் துரையின் கடிகாரமாகவும் இரவில் மக்களின் கடிகாரமாகவும் விளங்கியது. தப்படிப்போரைத் தாழ்வாக எண்ணிய சாதி வழக்கமும் கப்பலேறி வந்ததுண்டு. ஆயினும் அவர்களின்றிக் கூத்து ஓர் அடிகூட நகராது என்பதை யாவரும் அறிவர்.

காமன் கூத்தின் அமைப்பைக் கேளுங்கள். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றுவர். அன்று தொடங்கிய விழா முழுநிலவு வரை வளரும். இரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நிகழும். சிவனது தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். வேண்டாமென இரதி தடுப்பாள். தூதனும், வீரபத்திரனும், எமனும் தத்தம் நாளில் தோன்றுவர். இறுதி இரவில் சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். இரதியின் புலம்பல் எழும். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுந்து, இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாவான்.

இரண்டு வாரத்துக்கு நீளும் இக்கதை ஒரே இடத்தில் நிகழ்வதன்று. வேடமிட்டோர் லயத்துக்கு லயம் செல்வர். வாசலில் வரவேற்பைப் பெறுவர். பாத்திரத்துக்குப் பாத்திரம் தப்பின் அடி வேறுபடும். வீரபத்திரன் வருவது அவன் முகத்தைக் காணுமுன்பே அடியால் தெரியும். மணநாளில் கேட்ட பெயர்களும் வாக்குறுதிகளும் புலம்பல் இரவில் மீண்டு வரும். அப்போது அவற்றின் பொருள் முற்றிலும் மாறியிருக்கும். தொகுதி முழுவதையும் ஊடுருவும் கதை, மாறும் தாளம், மீண்டு வரும் துணுக்கு என முன்னர்க் கூறிய மூன்று கூறுகளும் இங்கே நிறைவாக அமைந்திருத்தலைக் காணலாம்.

இவ்வொப்புமையை அளவு மீறிக் கொண்டு செல்லலாகாது. இலண்டன் இசைஞர்கள் காமன் கூத்தை அறிந்தவரல்லர். கூத்தாடியோர் அவர்களை அறிந்தவரல்லர். அங்கே இசையைப் படைத்தவரின் பெயர் உறையிலே அச்சாகும். இங்கே படைத்தவர் பெயரைக் கேட்பாருமில்லை. சென்ற ஆண்டு இரதியாக வேடமிட்டவர் யார் என்பதே பேச்சாகும். அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் பிழையை அழித்து மீண்டும் பதிக்கலாம். இங்கே பிழையும் அவ்விரவின் ஒரு பகுதி. ஆனால் இரண்டிற்கும் பொதுவான ஒரு வேட்கை உண்டு. மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதே அது. மேனாட்டாருக்கு அந்த இடத்தைத் தட்டு கொடுத்தது. மலைநாட்டாருக்கு அதை எவரும் கொடுக்கவில்லை. வேலைக்குப் பிந்திய இரவுகளை அவர்களே ஒன்றோடொன்று கோத்து அதனை உண்டாக்கிக் கொண்டனர்.

நெடும்பாட்டு நிற்க வேண்டுமாயின் கூட்டம் கலையாதிருத்தல் வேண்டும். கூட்டமோ கலைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974இல் முடிவாயிற்று. எண்ணிக்கையைத் தாளில் பிரிப்பது எளிது. ஒரு லயத்தில் தப்படிப்பவர் அக்கரைக்கும், பாட்டு முழுவதையும் நெஞ்சில் வைத்திருந்தவர் இக்கரைக்கும் எனப் பிரிந்தால், அக்கூத்து எக்கரைக்கு உரியது?

பாட்டைத் தாளில் ஏற்றிக் காக்க முயன்றோர் உண்டு. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் கூட்டங்களில் பாடியவர். 1940இல் தம் பாட்டுக்களை நூலாகவும் வெளியிட்டார். 1914இல் வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, வாய்மொழிப் பாட்டுக்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலை 1983இல் வெளியிட்டார். மறு ஆண்டிலேயே அவர் மறைந்தார். இவ்வரிய பணிகளுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் தாளிலே சொல் நிற்கும், அடி நிற்காது. இரதியின் புலம்பலை வாசிக்கலாம். அப்புலம்பலுக்கு முன் தப்பு ஓய்ந்த அமைதியை வாசிக்க முடியாது.

வானொலியும் தன் பங்கினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1925 டிசம்பரில் இலங்கையில் ஒலிபரப்பு தொடங்கியது, 1949இல் ரேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றது, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. மூன்று நிமிடத் திரைப்பாட்டு வானொலியின் நிகழ்ச்சி நிரலுக்குள் இலகுவில் அடங்கியது. இரண்டு வாரக் கூத்து அடங்குமா? அடங்காததைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுப்பதே எங்கும் வழக்கமாயிற்று.

குறும்பாட்டின் வன்மையையும் மறுப்பதற்கில்லை. 2021இல் சந்தோஷ் நாராயணனின் இசையமைப்பில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அப்பாட்டுக்கு ஊற்று என அறிவு கூறியுள்ளார். மலைநாட்டு மூதாட்டி ஒருவரின் குரல் உலகின் கோடிக்கணக்கான செவிகளை எட்டியது. ஆயினும் அது ஒரு துளி. துளியின் சுவையறிந்தவர் ஊற்றைத் தேடுதல் இயல்பே.

அந்த ஊற்று இன்னும் வற்றிவிடவில்லை. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். மாசி மாதத்தில் இன்றும் கம்பம் ஊன்றும் தோட்டங்கள் உள்ளன. பழைய இசைத்தட்டுக்கு நான்கு நிமிடம், நெடுந்தட்டுக்கு இருபது நிமிடம் என்ற எல்லைகள் இருந்தன. இன்றைய கருவிக்கு அத்தகைய எல்லை ஒன்றுமில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே ஓர் இரவு முழுவதையும் பதிக்க வல்லது. இருந்தும், தகனக் காட்சியின் இரண்டு நிமிடத்தை மட்டும் பதித்து அனுப்பிவிட்டு மனநிறைவு கொள்கிறோம். எரியும் மன்மதனை மட்டும் கண்டவர், அவன் யாருக்கு எதனை வாக்களித்திருந்தான் என்பதை அறியார்.

ஆதலால் என் வேண்டுகோள் எளியது. ஒரு தோட்டத்தின் கூத்தையேனும், கம்பம் ஊன்றுவது முதல் உயிர்த்தெழுதல் வரை, இடையிலுள்ள நடையும் ஓய்வும் உட்பட, கூத்தாசிரியரின் சம்மதத்தோடும் கலைஞர் அனைவரது பெயரோடும் முழுமையாகப் பதித்து வைத்தல் வேண்டும். உலகின் நெடும்படைப்புக்களைப் பாராட்டும் செவிக்கு அதனைக் கேட்கும் பொறுமை கட்டாயம் உண்டு. தங்களுக்கென நேரமே இல்லாதிருந்த மக்கள் இரவுதோறும் சேமித்து வைத்த நேரம் அது. அதனை நறுக்காமல் காப்பது நம் கடமையாகும்.