திருவொற்றியூர் பேட்டரிக் கட்டையும் கல்யாண வீட்டு ஃப்ளாஷும்

வடசென்னைன்னா வெளியாளுங்களுக்கு ஹார்பர், மீன், கன்டெய்னர் லாரி, அவ்வளவுதான். ஆனா திருவொற்றியூர் பக்கத்துக்கு வெளிச்சத்தோட ஒரு பழைய உறவு இருக்கு மக்களே. தீப்பெட்டி செஞ்ச விம்கோ ஆலை இங்கேதான் இருந்தது. அந்தப் பேரு 2021-ல் திறந்த மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்துடுச்சு. டார்ச்சுக்குக் கட்டை செஞ்ச எவரெடி ஆலையும் திருவொற்றியூர் ஹைரோட்டில்தான் இருந்தது.

எவரெடியின் கதை நீளம். ஒரு காலத்தில் அதற்கு நேஷனல் கார்பன் கம்பெனின்னு பேரு. 1939-ல் கல்கத்தாவில் முதல் ஆலை, 1952-ல் சென்னையில் அடுத்தது. 1959-ல் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. ஆமாம், 1984 போபால் விஷவாயுவுக்குப் பொறுப்பான அதே கம்பெனிதான். 1994-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் பங்குகளை விற்றுவிட்டுப் போக, அடுத்த வருஷம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. இன்றைக்குத் திருவொற்றியூர் ஆலை இல்லை.

சரி, இதுக்கும் கேமரா ஃப்ளாஷுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறீங்களா? வர்றேன்.

அந்தக் கட்டை யாருக்காகச் செய்யப்பட்டது? கரண்ட் எட்டிப் பார்க்காத கிராமத்தில் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறவருக்காக. பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ கேட்டவங்களுக்காக. துத்தநாக டப்பா, நடுவுல கார்பன் குச்சி, சுத்தி மாங்கனீஸ் டை ஆக்சைடு கலவை. 1866-ல் பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே கண்டுபிடித்த அமைப்பின் வாரிசு. டார்ச் பல்பு அரை ஆம்பியருக்கும் கீழேதான் கேட்கும். அதை மணிக்கணக்கா, விட்டு விட்டுக் கொடுக்க இந்தக் கட்டை போதும். விலையும் கைக்கு அடக்கம்.

ஃப்ளாஷ் கேக்குறதே வேற. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை சுமார் 330 வோல்ட்டுக்கு ஏத்தணும். 1000 மைக்ரோஃபாரட்னு வச்சுக்கிட்டா 54 ஜூல். வழியில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 80 ஜூல் போகும். அதை 5 செகண்டில் ஏத்தணும்னா நாலு பென்சில் பேட்டரி தொடர்ந்து கிட்டத்தட்ட 3 ஆம்பியர் தரணும். துத்தநாகக் கட்டைக்கு உள்தடை அதிகம். அவ்வளவு இழுத்தா வோல்ட்டேஜ் தொப்புன்னு விழும். போகப் போக ரெடி லைட் எரிய அரை நிமிஷம்கூட ஆகும்.

அரை நிமிஷம்தானேன்னு நினைக்காதீங்க. கெட்டிமேளம் கொட்டி மூணு முடிச்சு விழ அவ்வளவு நேரம்கூட ஆகாது. மாப்பிள்ளை கையை இன்னொரு தடவை கழுத்துக்குக் கொண்டு போக முடியுமா? ராயபுரம் கோயிலில் மோதிரம் மாத்துறதும் அப்படித்தான். ஃப்ளாஷ் தூங்கினா போட்டோக்காரருக்குப் பேரும் போச்சு, மீதிப் பணமும் போச்சு.

இதுக்கு விடையும் அதே வட்டாரத்துக்குள்ளயே ஓடிக்கிட்டிருந்தது. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவும் திருவொற்றியூர்தான். அந்தக் காலத்து புல்லட்டில் இருந்தது 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. நாலு பென்சில் பேட்டரி சேர்ந்தாலும் அதே 6 வோல்ட்! ஆனா லெட் ஆசிடுக்கு உள்தடை ரொம்பக் கம்மி, கேட்டதை அள்ளிக் கொடுக்கும். ஜெர்மனியின் மெட்ஸ் 60 ஃப்ளாஷ் தோள்பையில் சுமந்ததும் இதே ஈய ஜாதிதான், ஆசிட் சிந்தாத ஜெல் வடிவில்.

கையாலே செய்யறவங்க வழி ரொம்ப சிம்பிள். எமர்ஜென்சி லைட்டில் வர்ற 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி ஒண்ணு. பென்சில் பேட்டரி சைஸுக்குக் கடைஞ்ச மரக்கட்டைகளில் தகடு வச்சு, ஒயர் இழுத்து, ஃப்ளாஷுக்குள்ளே போடணும். கணக்குப்படி ஆயிரம் ஃப்ளாஷ் தாண்டும். நடைமுறைக்குப் பாதின்னு வச்சுக்கங்க, அதுவே ஒரு கல்யாணத்துக்கு ஜாஸ்தி.

நீங்களும் வாங்கவோ செய்யவோ போறீங்கன்னா, நாலு விஷயம். ஒயர் தடிமனா இருக்கணும், மெலிசு ஒயரே ஒரு உள்தடை. பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம், லெட் ஆசிட் ஷார்ட் ஆனா பையே எரியும். லித்தியம் ரெண்டு செல் முழு சார்ஜில் 8.4 வோல்ட், ரெகுலேட்டர் இல்லாம கொடுத்தா ஃப்ளாஷ் காலி. பேக் சீக்கிரம் ஏத்துதேன்னு தொடர்ந்து அடிக்காதீங்க. முழு பவரில் 15 தடவை அடிச்சா கொஞ்சம் ஆற விடணும், இல்லேன்னா முன்னாடி பிளாஸ்டிக் உருகும்.

முக்கியமா, ஃப்ளாஷைத் திறக்காதீங்க. பேட்டரியைக் கழட்டின பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் குந்திக்கிட்டிருக்கும், ஆளையே கொல்லும்.

பக்கத்துக் கடையில் ரெண்டு கட்டை ஒரே சைஸில், ஒரே வோல்ட்டில் இருந்தா, எத்தனை வோல்ட்னு பார்க்காதீங்க. அவசரத்துக்கு எத்தனை ஆம்பியர் தரும்னு கேளுங்க. சாதா பென்சில் பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் வருஷக்கணக்கா உழைக்கும். அதைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனது நம்ம தப்பு, கட்டையோடது இல்ல. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நாலு வாங்கினா 4.8 வோல்ட்தான், இருந்தும் வேகமா ஏத்தும்.

அப்பா, மாமா காலத்து தோள்பை பேட்டரி யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா படம் எடுத்துப் போடுங்களேன். ஃப்ளாஷ் இல்லாம எடுத்தாலும் பரவாயில்ல :-)