ஜான் மொனாஷ்

சர் ஜான் மொனாஷ் (1865–1931) முதல் உலகப் போரின் இறுதி ஆண்டில் ஆஸ்திரேலியப் படைத்தொகுதிக்குத் தலைமை தாங்கிய தளபதி. ஜெர்மனிக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் ஐந்து டிவிஷன்களையும் நடத்திய இவர், பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு மெல்போர்னில் பிறந்தவர். தந்தையின் ஊரான குரோட்டோஷின் இன்று போலந்தில் இருக்கிறது. வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் கலையும் சட்டமும் படித்து, கான்கிரீட் பாலங்கள் கட்டிப் பெயர் பெற்றார். 1884 முதல் பகுதிநேரப் படையில் இருந்தாரே தவிர, முழுநேர ராணுவ அதிகாரியாக இருந்ததில்லை.

1914இல் போர் மூண்டதும் ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் பெயருள்ள எவரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 7,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். தெற்கு ஆஸ்திரேலியாவில் லூத்தரன் பள்ளிகள் மூடப்பட்டன, ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. சில வாரங்கள் தணிக்கைப் பணியைத் தலைமையேற்று நடத்திய மொனாஷையும் வதந்தி விடவில்லை. 4ஆம் காலாட்படைப் பிரிகேட் அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவருடைய பிறப்பைக் காட்டியே எதிர்ப்பு எழுந்தது.

அந்தப் பிரிகேடுடன் 1915 ஏப்ரலில் கலிப்போலியில் இறங்கினார். அங்குள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு அவர் பெயரே வழங்கியது. ஆனால் ஆகஸ்டில் 971ஆம் குன்றைப் பிடிக்க நடந்த முயற்சி தோற்றது. அதில் அவர் மீதான விமர்சனம் இன்றும் ஓயவில்லை. 1916இல் 3ஆம் டிவிஷன் அவர் பொறுப்பில் வந்தது. 1917 ஜூனில் மெசின்ஸிலும் அக்டோபர் 4இல் புரூட்சைண்டேயிலும் அது வென்றது. எட்டு நாள் கழித்து, மழையில் சேறாகிப்போன பாஷண்டேலில் பேரிழப்புடன் பின்வாங்கியது.

1918 மே இறுதியில் படைத்தொகுதியின் தலைமை மொனாஷுக்குக் கிடைத்தது. போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீனும் பத்திரிகையாளர் கீத் மர்டாக்கும் அவரை மாற்றும்படி பிரதமர் பில்லி ஹியூஸிடம் வற்புறுத்தினார்கள். மொனாஷின் யூதப் பிறப்பையே ஒரு குறையாகப் பீன் கருதினார். போர்முனைக்கு நேரில் வந்த ஹியூஸ், கீழ்நிலைத் தளபதிகள் மொனாஷை எவ்வளவு நம்பினார்கள் என்று கண்டபின் அந்தப் பேச்சைக் கைவிட்டார்.

அதே நாட்களில் உருவானதுதான் பிரான்ஸின் ஹேமல் கிராமத்தின் மீதான தாக்குதல். மொனாஷின் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் போர் இல்லை. காலாட்படையை வெறும் உடல்பலத்தால் இயந்திரத் துப்பாக்கிகள்மேல் ஏவக் கூடாது, பீரங்கியும் டாங்கியும் விமானமும் அதற்கு வழி திறந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு பிரிவின் வேலையையும் கூட்டங்களில் வரிவரியாகப் பேசி முடித்தார். வீரர்களை டாங்கிக் குழுவினரோடு முன்கூட்டியே பழகவிட்டார். டாங்கிகளின் இரைச்சலை மறைக்க விமானங்களைப் பறக்கச் செய்தார். முன்னேறியவர்களுக்குத் தோட்டாக்கள் பாராசூட்டில் வந்து இறங்கின. தாக்குதலில் சேரவிருந்த அமெரிக்க வீரர்களைக் கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்ள அவர்களுடைய தளபதி பெர்ஷிங் உத்தரவிட்டும், நான்கு கம்பெனிகளை மொனாஷ் விடாமல் தக்கவைத்தார். 90 நிமிடம் என்று கணக்கிட்ட தாக்குதல், 1918 ஜூலை 4 அன்று 93 நிமிடத்தில் முடிந்தது.

ஆகஸ்ட் 8இல் ஆமியான் அருகே, கனடியப் படைத்தொகுதியுடன் சேர்ந்து, இதே முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. ஜெர்மன் தரப்புக்கு அது மீளமுடியாத அடி. நான்கு நாள் கழித்து, பெர்டாங்கிள் மாளிகையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு சர் பட்டம் சூட்டினார். மாத இறுதியில் மோன்ட் சென் காந்தேன் குன்றும், பிறகு ஹிண்டன்பர்க் அரணும் வீழ்ந்தன. இவ்வெற்றிகளுக்குக் களைத்த பட்டாலியன்கள் தந்த விலை பெரிது. செப்டம்பரில் சில வீரர்கள் மறுபடி களமிறங்க மறுத்தார்கள். படைகளை அவர் அளவுமீறி விரட்டினார் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

போர் நின்றபின் லண்டனில் இருந்தபடி ஏறத்தாழ 1,60,000 வீரர்களை நாடு திரும்பவைக்கும் பணியை ஏற்றார். கப்பலுக்குக் காத்திருந்த காலத்தில் அவர்கள் படிக்கவும் தொழில் கற்கவும் ஏற்பாடு செய்தார். பின்னர் விக்டோரியா மாநில மின்சார ஆணையத்தை நடத்தினார். 1929இல் முழு ஜெனரல் ஆனார். 1931 அக்டோபர் 8 அன்று மெல்போர்னில் இறந்தபோது, அரசு மரியாதையுடன் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காண இரண்டரை லட்சம் பேருக்குமேல் திரண்டனர்.