புகாரை ஏற்கும் முகவரி: ஸ்பேம் புகார் முகவரிகளின் சரிபார்ப்பும் இந்திய நடைமுறையின் குறைபாடும்

1. சிக்கல்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் பெரும்பாலோர் கடல்தொழிலை நம்பி வாழ்பவர்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் நிவாரணத் தொகையின் பெயரைச் சொல்லி வங்கி விவரம் கேட்கும் மின்னஞ்சல் ஒன்று அவ்வூர்ச் சங்கமொன்றுக்கு வருவதாகக் கொள்வோம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். குறுஞ்செய்தியாக வந்திருந்தால் 1909-இல் புகார் செய்யலாம். பணமும் போகவில்லை, வந்தது மின்னஞ்சல் என்றால், அடுத்த ஊருக்கு அது போகுமுன் அனுப்பும் கணினியை முடக்கக்கூடியவர் அக்கணினி இருக்கும் வலையமைப்பின் நிர்வாகியே. அவருக்கான புகார் முகவரி இணைய எண்களின் பதிவேட்டில் இருக்கிறது. அது சரிபார்க்கப்பட்டதாகவும் குறிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய சரிபார்ப்பு அஞ்சல் போய்ச் சேர்வதை மட்டுமே மெய்ப்பிக்கிறது. புகார் ஏற்கப்படுவதை மெய்ப்பிப்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்க முடியும், அடைத்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. சட்டம் விட்ட வெற்றிடம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், பெறுநரை ஏமாற்றும் அல்லது தொல்லைப்படுத்தும் மின்னஞ்சலுக்குத் தண்டனை இருந்தது. கருத்துரிமைக்கு எதிரானதென 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. தீர்ப்பு சரியானதே. எனினும் மின்னஞ்சல் ஸ்பேமுக்கெனத் தனி விதி அதன்பின் இயற்றப்படவில்லை. தொலைபேசி விளம்பரத் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. அங்கே புகாருக்கு எண்ணும் காலக்கெடுவும் உண்டு. சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, பிஷிங் உள்ளிட்ட நிகழ்வுகளை 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் பாதுகாக்கவும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்த அலுவலர் செர்ட்-இன்னுக்குப் பதில் சொல்பவர், பொதுமக்களுக்கு அல்ல. ஆகவே மின்னஞ்சல் பெற்றவர் அனுப்பிய வலையமைப்பை நேரடியாக அணுகக்கூடிய வாயில் புகார் முகவரியே.

3. சரியான முகவரியைக் கண்டறிதல்

மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் பெயரை யாரும் போலியாக இடலாம். நம்பத்தக்கது, மின்னஞ்சலின் பயணக் குறிப்பான ஹெடரில் உள்ள ‘ரிசீவ்டு’ வரிகளில் நம்முடைய சர்வர் தானே எழுதிய வரி மட்டுமே. அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்பியவர் புனைந்திருக்கக்கூடும். அவ்வரியில் 203.0.113.45 என்ற ஐபி எண்ணும், 10:42:17 +0530 என்ற நேரமும் இருப்பதாகக் கொள்வோம் (இந்த எண் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது). நேரத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் பயனில்லை. ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்புகளில் நேரமின்றி ஆளைப் பிரித்தறிய முடியாது.

எண்ணைப் பதிவேட்டில் தேடினால் முதலில் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் தென்படும். பலர் அங்கேயே புகார் அனுப்பிவிடுகிறார்கள். ஏப்னிக் எண்களை ஒதுக்கும் அமைப்பு. எவருடைய இணைப்பையும் துண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. இந்திய வலையமைப்பாயின் அதற்கடுத்த படி, இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸியின் கீழ் 2012 முதல் இயங்கும் தேசியப் பதிவகமான ஐரின். அங்கே குறிப்பிட்ட எண்தொகுதிக்கு உரிய நிறுவனத்தின் பதிவில் உள்ள புகார் அஞ்சல்பெட்டியே நாம் தேடுவது. சந்தேக மின்னஞ்சலுக்குள் கொடுத்திருக்கும் ‘புகாருக்கு இங்கே எழுதுக’ என்ற முகவரிக்கு ஒருபோதும் எழுதக் கூடாது. எழுதினால் நம் முகவரி உயிருடன் இருப்பதை நாமே மோசடியாளருக்கு உறுதிசெய்கிறோம்.

4. சரிபார்ப்பு எதைச் சோதிக்கிறது?

‘அபியூஸ்’ என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் அஞ்சல்பெட்டி வைத்திருக்க வேண்டுமென்ற மரபை 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. ஏப்னிக் 2010-இல் புகார் தொடர்பைப் பதிவேட்டில் கட்டாயமாக்கியது. நாளடைவில் பல முகவரிகள் செத்துப்போனதால், அதன் 125-ஆம் கொள்கை முன்மொழிவின்படி 2019 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் முறை வந்தது. பெட்டிக்கு ஓர் அஞ்சல் போகும்; உரியவர் 15 நாளுக்குள் இணைப்பைத் திறந்து உறுதிசெய்ய வேண்டும். செய்தால் சரிபார்த்த தேதி பதிவில் ஏறும்.

அம்முன்மொழிவின் நோக்கம் இதைவிடப் பெரியது. புகார்தாரரைப் படிவம் நிரப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. புகாரும் அதனுடன் வரும் பதிவுகளும் ஹெடர்களும் தவறாமல் பெறப்பட வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நடைமுறைச் சோதனையோ இந்த இரண்டையும் தொடுவதில்லை.

காரணம் எளிது. சோதனை அஞ்சல் சுத்தமானது: அறிந்த அனுப்புநர், ஒரே ஓர் இணைப்பு. உண்மையான புகாரோ அழுக்கை உடன் சுமந்து வருவது: மோசடி மின்னஞ்சலின் முழு வடிவம், போலி வங்கிப் பக்கத்தின் முகவரி, சிலவேளை தீநிரல். புகார்ப் பெட்டிக்கு முன்னால் வழக்கமான ஸ்பேம் வடிகட்டி வைத்திருக்கும் நிறுவனத்தில் அந்தப் புகாரே ஸ்பேமாகக் கருதப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும். பதிவேட்டில் மட்டும் அதே பெட்டி ‘சரிபார்க்கப்பட்டது’ என்றே இருக்கும். தானியங்கி நிரல் இணைப்பைத் திறந்துவிடும் இடத்திலும், புகார்களைத் தவிர மற்றெல்லாவற்றையும் கவனிக்கும் அலுவலர் இருக்குமிடத்திலும் விளைவு இதுவே.

5. எதிர்வாதங்கள்

பதிவகம் காவல் நிலையமல்ல, அது முகவரியைக் காப்பதோடு நிற்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. ஐரோப்பியப் பதிவகமான ரைப்பில் கடுமையான சரிபார்ப்பைக் கோரிய 2019-04 முன்மொழிவு உடன்பாடு எட்டாமல் திரும்பப் பெறப்பட்டதற்கு இத்தகைய எண்ணமும் பின்னணியாக இருந்தது. இம்மறுப்பில் நியாயம் உண்டு: புகார் மீது என்ன நடவடிக்கை என்று பதிவகம் தீர்ப்பிடக் கூடாது. ஆனால் புகார் உள்ளே போகிறதா என்று பார்ப்பது தீர்ப்பாகாது. தன் பதிவேட்டின் மெய்ம்மையைக் காப்பதே ஆகும்.

சிறு நிறுவனங்களுக்கு ஆள்பலம் இல்லை என்பது இரண்டாவது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள்: அங்கே கொடுக்கும் மனு அன்றே தீர்வதில்லை. ஆனால் மனு எண் கிடைக்கிறது, அதை வைத்து மறுபடி கேட்கலாம். புகார்ப் பெட்டியிடம் முதலில் வேண்டுவதும் அவ்வளவே. அத்தகைய புகார் எண்ணைத் தானாக அனுப்ப ஆள் தேவையில்லை. 2010-இல் வெளியான ஆர்எஃப்சி 5965 புகாருக்கான பொது வடிவத்தையே வகுத்துத் தந்திருப்பதால், வந்தவற்றைத் தொகுத்துப் பிரிப்பதையும் நிரலிடம் விடலாம்.

6. முடிவுரை

ஐரின் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, அரையாண்டுச் சரிபார்ப்பை ஆர்எஃப்சி 5965-இன் பொது வடிவில் அமைந்த மாதிரிப் புகாராக, இணைப்புக் கோப்பில் ஸ்பேம் மின்னஞ்சலொன்றின் தீங்கற்ற நகலுடன் அனுப்புதல். இரண்டு, உறுதிசெய்த தேதியுடன், மாதிரிப் புகார் ஏற்கப்பட்டதா, திரும்பியதா, படிவத்துக்குத் திசைதிருப்பப்பட்டதா என்பதையும் பதிவில் வெளியிடுதல். மூன்று, புகார் எண்ணைக் கட்டாயமாக்குதல். இவற்றோடு, ஹெடரைப் பிரித்துப் படிக்கத் தெரியாதவரின் புகாரைத் தமிழில் பெற்று உரிய பெட்டிக்கு அனுப்பும் பணியை அரசு இ-சேவை மையங்கள் ஏற்க வேண்டும். புதிய சட்டம் வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கின்ற கொள்கை ஏற்கெனவே கேட்பதைச் சோதித்துப் பார்த்தாலே, புன்னக்காயலிலிருந்து போகும் புகார் பெருநகர நிறுவனத்தின் புகாருக்கு இணையாக உள்ளே நுழையும்.