ஈயக் குண்டும் அதன் அளவும்: ஒரு தொழில்நுட்ப விவாதத்தின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகளைத் தோட்டாவில் பொருத்துவதற்கு முன் அவற்றை ஒரே அளவினவாக ஆக்க வேண்டுமா, வார்ப்பச்சிலிருந்து விழுந்தவாறே பொருத்தலாமா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறிபார்த்துச் சுடும் பயிற்சியுடையோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்துவரும் வினாவாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது ஒரு சிறு குழுவினரின் பொழுதுபோக்கு வழக்காடலாகத் தோன்றலாம். ஆயின், குழலுக்கும் குண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி எவ்வளவு என்னும் இதே வினாவே 1857ஆம் ஆண்டு இந்திய வரலாற்றின் போக்கில் குறுக்கிட்டது. அவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் கையாளும் சொற்கள் பல இவ்வினாவின் பின்னணியை அறிந்தாலன்றித் தெளிவாகா.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். ஆகவே குண்டு வார்த்தலை வீட்டுத் தொழிலாகக் கொண்டு பேசும் மக்கள் வழக்குத் தமிழில் பரவலாக உருவாகவில்லை. இத்துறைச் சொற்களை மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. பொருளறியாது ஆக்கிய சொல் வரலாற்றையே திரித்துவிடக்கூடும். இதனைக் கருத்திற்கொண்டு, குண்டின் அளவு பற்றிய விவாதத்தின் வரலாற்றையும் அதனோடு பிணைந்த சொற்சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தளர்வாகப் பொருந்திய குண்டு

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்த் துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு உருண்டையானது, குழலின் வாய்வழியே கோலால் இடித்துச் செலுத்தப்பட்டது. ஆங்கிலேயர் பயன்படுத்திய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல்துளை ஏறத்தாழ 0.75 அங்குலம், அதற்குரிய குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர். இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கரிய வெடிமருந்து எரிந்தபின் குழலில் கசடு படியும். குண்டு இறுக்கமாயிருப்பின் சில வேட்டுகளுக்குப் பின் அது உள்ளே இறங்காது. விரைந்து சுடுதலே படையின் தேவையாக இருந்தமையால் குறி தவறுதல் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

இக்காலத்தில் குண்டுகளை எவரும் வார்க்கலாம். ஈயம் 327 செல்சியஸ் பாகையில் உருகிவிடும். அடுப்பு, கரண்டி, இடுக்கி போன்ற வார்ப்பச்சு ஆகியவை போதும். 1776 ஜூலை 9 அன்று நியூயார்க் நகரில் வீழ்த்தப்பட்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலை, கனெக்டிகட்டிலுள்ள லிச்ஃபீல்டு என்னும் ஊரில் உருக்கப்பட்டு 42,088 குண்டுகளாக வார்க்கப்பட்டமை அறியப்பட்ட செய்தி. இக்குண்டுகளைத் துல்லியமாக அளவுப்படுத்தும் தேவை எழவில்லை. இடைவெளி போதிய அளவு இருந்ததே காரணம்.

அளவைக் குறிக்கும் முறையும் அக்கால நிலையையே காட்டுகிறது. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து ஒரே அளவான எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அவ்வெண்ணே குழலின் அளவாயிற்று. இன்றும் வழங்கும் 'பன்னிரண்டு போர்' என்பது ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு உருண்டை என்பதன் எச்சம். எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும் என்பதை மறந்த மொழிபெயர்ப்புகளில் 'இருபது போர்' பெரிய துப்பாக்கியாகிவிடுகிறது.

3. துணி, விரிவு, எண்ணெய்ப்பசை

குழலின் உட்புறத்தில் திருகுசுழிப் பள்ளங்கள் வெட்டப்பட்டதும் நிலைமை மாறியது. குண்டு அப்பள்ளங்களைப் பற்றினால்தான் சுழன்று செல்லும். பற்ற வேண்டுமாயின் இறுக்கம் வேண்டும். 1800ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏற்ற பேக்கர் துப்பாக்கியில், எண்ணெய்ப்பசை ஏற்றிய தோல் அல்லது துணித்துண்டால் பொதிந்து குண்டு இறக்கப்பட்டது. தொடக்கத்தில் குண்டைத் தட்டி இறக்க மரச்சுத்தியலும் வழங்கப்பட்டது. குறி துல்லியமாயிற்று, வேகம் குன்றிற்று.

இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே அமைத்த கூர்முனைக் குண்டு. அதன் அடிப்பகுதி உட்குடைவானது. குழலினும் சிறிதே சிறிய இக்குண்டு எளிதில் இறங்கும். வெடிமருந்து வெடித்ததும் மென்மையான ஈயத்தின் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பற்றும். இங்கே குண்டை அளவுப்படுத்தும் பணியை வெடிப்பின் விசையே செய்தது எனலாம். ஆனால் அதற்கு இரு நிபந்தனைகள் இருந்தன. ஈயம் தூயதாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும்; தொடக்க இடைவெளி மிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும்.

பிரிட்டனின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியில் குழல்துளை 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி 0.009 அங்குலமே, அதாவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு நெருக்கமான குண்டு கசடு படிந்த குழலில் இறங்க வேண்டுமாயின், அதைப் பொதிந்த காகிதத்தின் மீது எண்ணெய்ப்பசை தடவியாக வேண்டும். வீரர் காகிதக் குழாயின் ஒரு முனையைப் பற்களால் கிழித்து, வெடிமருந்தைக் குழலில் கொட்டி, குண்டிருந்த மறுமுனையைப் பசையுடன் உள்ளே இறக்கினார்.

4. 1857: கால் மில்லிமீட்டரின் விலை

இத்துப்பாக்கியைப் பயிற்றுவிக்க டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1857 ஜனவரியில் டம்டமில், பசையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்துள்ளன என்னும் செய்தி சிப்பாய்களிடையே பரவிற்று. வாயில் வைத்துக் கிழிக்க வேண்டிய பொருள் என்பதால் இந்து, முஸ்லிம் ஆகிய இரு சமயத்தாரின் உணர்வும் புண்பட்டது. அம்மாத இறுதியிலேயே சிப்பாய்கள் தாங்களே விரும்பிய பசையைத் தடவிக்கொள்ளலாம் என அரசு ஆணையிட்டது. பின்னர்ப் பற்களுக்கு மாற்றாகக் கையால் கிழிக்கவும் அனுமதி தரப்பட்டது. ஆயினும் ஐயம் பசையிலிருந்து காகிதத்திற்குத் தாவியது. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாக்களைப் பெற மறுத்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் மறுத்தனர். அங்கு வழங்கப்பட்டவை என்ஃபீல்டுக்குரிய புதிய தோட்டாக்களல்ல, பழைய வகையினவே என்பது குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை முற்றும் முறிந்த நிலையில் பொருளின் உண்மைநிலை பயனற்றதாயிற்று. மே 9 அன்று அவ்வீரர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் எழுச்சி வெடித்தது.

1857இன் எழுச்சிக்கு நிலவருவாய், நாடிணைப்பு, படையினரின் பணிநிலை எனப் பல காரணங்கள் உண்டு. தோட்டா ஒன்றே காரணமென்பார் இன்று அரியர். எனினும், குழலுக்கும் குண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் எனத் தீர்மானித்தோர், அதன் விளைவாகப் பசை இன்றியமையாததாகும் என்பதையும், அப்பசை யாருடைய வாய்க்குச் செல்லும் என்பதையும் ஒருங்கே எண்ணிப்பார்க்கவில்லை. அளவு பற்றிய முடிவு ஒரு பண்பாட்டு முடிவாகவும் இருந்தது என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

வெப்ப நாட்டில் இவ்விறுக்கம் தொழில்முறையிலும் தொல்லை தந்தது. அதன்பின் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டு, உட்குடைவில் மரத்தக்கை ஒன்று பொருத்தப்பட்டது. இடைவெளி ஏறத்தாழ மும்மடங்காயிற்று. விரிவுக்குரிய பொறுப்பு மரத்தக்கையிடம் சென்றது.

5. அளவுப்படுத்தல் என்னும் தொழில்

உலோகத் தோட்டாவும் பின்புறம் வழியே நிரப்பும் முறையும் பரவிய பின், குண்டு வாய்வழி இறங்க வேண்டிய தேவை மறைந்தது. எனவே குண்டு குழலினும் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம் என்னும் நிலை முதன்முறையாக ஏற்பட்டது. 1880களில் புகையிலா வெடிமருந்து வந்தது. அதன் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்க ஈயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கடினமாக்கினர். கடினமான குண்டு எளிதில் விரியாது. ஆகவே அது தொடக்கத்திலேயே சரியான அளவில் இருந்தாக வேண்டும். அளவுப்படுத்தல் தனித்தொழிலாக வளர்ந்தது இச்சூழலிலேயே. 1884இல் தொடங்கப்பெற்ற ஐடியல் நிறுவனமும், 1925இல் அதனை வாங்கிய லைமன் நிறுவனமும் இதற்குரிய கருவிகளைப் பரப்பின. பொற்கொல்லர் கம்பியைத் துளைத் தகட்டின் வழியே இழுத்து மெலிதாக்குவதைப் போல, வார்த்த குண்டை எஃகுத் துளையின் வழியே அழுத்திச் செலுத்துவதே இம்முறை. அப்போதே குண்டின் வரிகளில் மெழுகுப்பசையும் நிரப்பப்படும்.

அளவுப்படுத்த வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் மூன்று: குண்டுகள் அனைத்தும் ஒரே விட்டமுடையனவாகும், தோட்டா அறையில் தடையின்றிப் பொருந்தும், பசை சீராக நிரம்பும். வேண்டாம் என்போர் வார்ப்பின் இயல்பான வட்டவடிவம் சிதையும் என்பர். துளையும் அழுத்துகோலும் நேராக அமையாவிடில் குண்டு ஒருபுறம் மிகுதியாகச் சுரண்டப்பட்டு எடைமையம் விலகும். குண்டின் அடிப்பகுதி செம்மையாக இருத்தலின் இன்றியமையாமையை ஃப்ராங்க்ளின் மான் 1909இல் வெளியிட்ட ஆய்வுநூல் வலியுறுத்தியது.

இருசாரார் கூற்றையும் இணைத்து நோக்கின் முடிவு எளிதில் புலனாகிறது. அளவுப்படுத்தும் கருவி குண்டைக் குறுக்க மட்டுமே வல்லது, பெருக்க வல்லதன்று. ஆதலின் முதலில் அளக்க வேண்டியது குண்டையன்று, குழலின் பள்ளத்தையே. வார்த்த குண்டு பள்ளத்தின் விட்டத்தினும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு மிகுந்திருந்து, அறையிலும் தடையின்றிப் பொருந்துமாயின், அளவுப்படுத்தல் வேண்டா. அதனினும் பெரிதாயின் சிறிதளவு குறுக்கலாம். சிறிதாயின் எக்கருவியும் பயன்படாது. வெப்ப வளி இடைவெளியில் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலில் படியச் செய்யும்.

ஒரே அச்சில் வார்த்தவையும் உலோகக் கலவைக்கேற்ப அளவில் வேறுபடும். தூய ஈயம் உறையும்போது மிகுதியாகச் சுருங்கும். ஆன்டிமனி மிகுந்த கலவை குறைவாகச் சுருங்கும். வார்ப்போர் பெரிதும் விரும்பித் தேடியது லைனோடைப் அச்சு உலோகம்: ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு. எழுத்து முகம் கூர்மையாக அமைய வேண்டும் என்பதற்காக அச்சுத்தொழிலார் வகுத்த அதே கலவை, குண்டு வார்ப்போர்க்கும் உகந்ததாயிற்று. ஈய அச்சுக்கோப்பு மறைந்தபோது அச்சகங்களில் கழிந்த உலோகத்தின் ஒரு பகுதி இவ்வாறு குண்டாயிற்று.

6. சொற்கள் சுமக்கும் வரலாறு

விட்டத்தைக் குறிக்கும் 'காலிபர்' என்னும் சொல், அச்சு அல்லது வார்ப்புரு எனப் பொருள்படும் 'காலிப்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பர். வார்க்கும் அச்சே அளவாகிய காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. 'சைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லோ, மன்றம் விதித்த தரநிலை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது. அச்சு தந்த அளவா, விதித்த அளவா என்னும் விவாதம் இவ்விரு சொற்களின் வேரிலேயே உறைந்துள்ளது.

'கார்ட்ரிட்ஜ்' என்பது காகிதச் சுருளைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சின் வழியே வந்தது. தமிழின் 'தோட்டா'வில் காகிதத்தின் சாயல் இல்லை. அச்சொல் இன்று பித்தளைக் கூட்டையே மனத்தில் எழுப்புகிறது. ஆகவே 'தோட்டாவைக் கடித்தனர்' எனப் பாடநூலில் பயிலும் மாணவர் உலோகத்தைக் கடிக்கும் காட்சியையே காண்பர். 'கொழுப்புத் தடவிய குண்டு' என்னும் வழக்கு இன்னும் பிழைபட்டது. சிப்பாயின் பல்லில் பட்டது குண்டன்று, காகிதம். 'காகிதத் தோட்டாவின் முனையைப் பல்லால் கிழித்தல்' எனின் பொருள் விளங்கும்.

'விண்டேஜ்' என்னும் துறைச்சொல் பழைய நூல்களில் குழலுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியையும், இக்கால நூல்களில் காற்றிற்கேற்பக் குறியைப் பக்கவாட்டில் திருத்துதலையும் குறிக்கும். 'கிரெய்ன்' என்பது தானியமன்று, ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு எடை. 'சைஸிங்' என்பது நெசவு நூல்களில் பாவுக்குக் கஞ்சியிடுதல், இங்கே அளவுப்படுத்தல். பெயரிலுள்ள எண்ணும் மயக்கம் தருவதே. '0.38' எனப் பெயர்பெற்ற சுழல்துப்பாக்கியின் குண்டு உண்மையில் ஏறத்தாழ 0.357 அங்குலம். அவ்வெண்ணை அளவாகக் கொண்டு மில்லிமீட்டருக்கு மாற்றின் பிழை நேரும்.

தமிழில் துப்பாக்கிக்கு மருந்திட்டு நிரப்புதலைக் 'கெட்டித்தல்' என்னும் வழக்குண்டு. கெட்டி என்பது இறுக்கம். வாய்வழி இடித்து இறக்கிய காலத்தின் அனுபவம் அவ்வினையில் பதிந்துள்ளது. உலோகத் தோட்டாவை அறையில் இடுதலுக்கு அதனைப் பயன்படுத்துதல் பொருந்தாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சூழலை மொழிபெயர்ப்போர்க்கோ அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை.

7. முடிவுரை

ஈயக் குண்டின் அளவு பற்றிய வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கேற்ற விடையைக் கண்டது: இடைவெளி விடுதல், துணி பொதிதல், வெடிப்பினால் விரித்தல், துளைவழி குறுக்குதல் என. இவற்றுள் எது நடைமுறையில் இருந்தது என்பதை அறியாமல் அக்காலச் சொல்லை மொழிபெயர்த்தல் இயலாது. வார்ப்போர் குண்டை அளவுப்படுத்துமுன் குழலை அளப்பது போல, மொழிபெயர்ப்பாளரும் சொல்லைத் தேர்வதற்கு முன் அது வழங்கிய காலத்தின் கருவியை அறிதல் வேண்டும். 1857இன் சிப்பாய் கையிலிருந்தது காகிதமா உலோகமா என்பதைத் தெளிவுறுத்தாத தமிழ்ச்சொல், அவருடைய மறுப்பின் காரணத்தையே மறைத்துவிடும்.