பிரெஞ்சு குடியுரிமையும் புதுவை வாக்காளர் பட்டியலும்: யாருக்கு வாக்குரிமை?

புதுச்சேரியில் ஒரே வீட்டில் கணவர் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் வாக்களிப்பார். மனைவி நம் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிப்பார். இரண்டும் சட்டப்படி சரியே. ஆனால் ஒருவரே இரண்டிலும் வாக்களிக்கலாமா? 2025 நவம்பரில் இங்கும் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. கூடாது என்பதே பதில்.

1962-ல் நடந்தது என்ன?

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்போ, 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் நிறைவேறியது. இங்கு பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சு குடிமக்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சு குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைய பிரெஞ்சு குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்தத் தெரிவுதான். எனவே 1962-க்கு முன் இங்கு பிறந்த பெரியவர்களுக்குப் பிறப்புச் சான்று மட்டும் போதாது. தாமோ பெற்றோரோ எதைத் தெரிவு செய்தனர் என்பதே முக்கியம்.

வாக்காளராக என்ன தகுதி?

அரசியலமைப்பின் 326-வது பிரிவுப்படி இந்தியக் குடிமகனாகவும் 18 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி அத்தொகுதியில் வழக்கமாக வசிக்கவும் வேண்டும். ஒரு தொகுதியில் மட்டுமே பெயர் இருக்கலாம். வளைகுடாவில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் பதியலாம். வாக்களிக்க நேரில் வர வேண்டும்.

குழப்பம் எங்கே?

இரட்டைக் குடியுரிமையை பிரான்ஸ் அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அப்போதே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். ஓசிஐ அட்டை வைத்திருப்போருக்கும் வாக்குரிமை இல்லை. ஆதார் வசிப்பவருக்கான அடையாளம். குடியுரிமைச் சான்று அன்று.

நம் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு குடிமகனை நிகாஹ் செய்வதால் மட்டும் குடியுரிமை மாறாது. பிரெஞ்சு குடியுரிமை பெறும்வரை அவர் இந்தியரே; அவரது வாக்கை விட்டுவிடக் கூடாது. விண்ணப்பித்துப் பெற்ற பின் இங்குள்ள வாக்குரிமை முடிந்துவிடும்.

அமானிதம், சாட்சியம்

வாக்கு ஓர் அமானிதம். ஒருவர் தகுதியானவர் என நாம் சொல்லும் சாட்சியமும்கூட. அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும்படி திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. நமக்கே பாதகமானாலும் சாட்சியத்தில் நேர்மை காக்கும்படி 4:135 கூறுகிறது. படிவம் 6-ல் 'இந்தியக் குடிமகன்' என்று உறுதிமொழி தருகிறோம். அறிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. மறுமையின் விசாரணை தனி.

செய்ய வேண்டியவை

பிரெஞ்சு குடியுரிமை பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிக் கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்கள் பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6 மூலமும், முகவரி மாறியிருந்தால் படிவம் 8 மூலமும் சரிசெய்யுங்கள். தாய் இந்தியர், தந்தை பிரெஞ்சுக்காரர் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது நிரம்புமுன் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறுங்கள். உரிமை உள்ளவர் ஒருவர்கூட விடுபடாமலும் உரிமை இல்லாதவர் ஒருவர்கூட இடம்பெறாமலும் பார்ப்பது நம் ஒவ்வொரு ஜமாஅத்தின் பொறுப்பு.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக!