ஆம்ஸ்டர்டாமும் பழவேற்காடும்

அயல்நாட்டுப் பயணம் ஒரு காலத்தில் செல்வர்க்கும் உயர்கல்வி நாடியோர்க்கும் மட்டுமே வாய்த்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழ்வோருள்ளும் கப்பற்பணியின் பொருட்டோ, பிள்ளைகளின் வேலையின் பொருட்டோ ஐரோப்பிய நகரங்களைக் காணும் வாய்ப்புப் பெறுவோர் உளர். அத்தகையோர் விரும்பிக் காணும் நகரங்களுள் ஒன்று நெதர்லாந்து நாட்டின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாம். கால்வாய்களில் படகுலா வருகின்றனர்; ஓவியக் கூடங்களைக் கண்டு வியக்கின்றனர்; நிழற்படங்களுடன் ஊர் திரும்புகின்றனர். ஆயின் அந்நகரின் வளத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கும் பங்கு உண்டு என்பதையும், அப்பங்கின் சுவடுகள் எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் இன்றும் காணக் கிடைக்கின்றன என்பதையும் அறிந்து செல்வோர் சிலரே. அவ்விரு நகரங்களையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓராண்டில் இரு பணிகள்

கி.பி.1602இல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவைப் பெற்று, 1610இல் அக்கம்பெனியார் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமில் நிலைகொண்டிருந்த போர்த்துகீசியர் இதனைப் பொறுக்கவில்லை. 1612இல் பழவேற்காட்டின் மீது படையெடுத்துப் பண்டகசாலையை அழித்தனர். அதன் பின்னரே அங்குக் கோட்டை ஒன்று எழுந்தது. 1613இல் உருப்பெற்ற அக்கோட்டைக்கு, கம்பெனித் தலைவர் வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் ‘கெல்டிரியா’ எனப் பெயர் சூட்டினார்.

அதே 1613ஆம் ஆண்டில்தான் ஆம்ஸ்டர்டாம் நகரை விரிவாக்கும் பெருந்திட்டமும் தொடங்கியது. நகரைப் பிறைவடிவில் சூழ்ந்து செல்லும் பெருமக்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் ஆகிய மூன்றும் அத்திட்டத்தில் வெட்டப்பட்டவை. 2010இல் இக்கால்வாய்ப் பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கடலுக்கு அப்பால் கால்வாய் வெட்டப்பட்ட ஆண்டில் கடலுக்கு இப்பால் கோட்டை எழுந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டும் ஒரே வாணிபத்தின் இரு கரைகள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கண்ணுக்குத் தெரியும் வளம்

கால்வாய்க் கரைகளில் குறுகிய முகப்பும் மிக்க உயரமும் உடைய மாடங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சியில், தெருவை நோக்கி நீண்ட விட்டம் ஒன்றும் அதில் ஒரு கொக்கியும் இருப்பதைப் பார்வையாளர் காண்பர். படகில் வந்த பண்டங்களைக் கயிறு கட்டி மேல்தளத்துக்கு ஏற்றுவதற்காக அமைக்கப்பட்டவை அவை. வீடே கிடங்காகவும் விளங்கிய வணிகர் நகரம் அது.

நகரின் பழைய பகுதியில், 1606இல் கட்டத் தொடங்கிய கிழக்கிந்திய மாளிகை உள்ளது. இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டில் உள்ள அம்மாளிகையில்தான் கம்பெனியை நடத்திய பதினேழு இயக்குநர்கள் கூடினர். எந்தத் துறைக்கு எத்தனை கப்பல் அனுப்புவது, எவ்வளவு துணி வாங்குவது என்பன போன்ற முடிவுகள் அங்கு எடுக்கப்பட்டன. பழவேற்காட்டு நெசவாளரின் தறி ஓடுவதும் ஓயாதிருப்பதும், அவர் கண்டிராத அக்கூடத்தின் முடிவுகளையும் சார்ந்திருந்தன.

நகர நடுவிலுள்ள டாம் சதுக்கத்தில் அரண்மனை ஓங்கி நிற்கிறது. 1655இல் நகர மன்றமாகத் திறக்கப்பட்டு, 1808இல் அரண்மனையாக மாறிய கட்டடம் இது. சதுப்பு நிலத்தில் அறையப்பட்ட 13,659 மரத்தூண்கள் இதனைத் தாங்குகின்றன என்பர். இதன் மேற்கு முகப்பின் சிற்பத்தில், உலகின் கண்டங்கள் ஆம்ஸ்டர்டாம் நங்கைக்குத் தத்தம் செல்வங்களைக் கொணர்ந்து அளிக்கின்றன. பூம்புகார்த் துறையில் குவிந்த பல நாட்டுப் பண்டங்களைப் பட்டினப்பாலை விரித்துரைப்பது தமிழ் கற்றோர் நினைவுக்கு வரும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் புலவர் கண்டது வாணிபத்தில் வந்து குவிந்த பொருள். இச்சிற்பமோ, உலகமே மனமுவந்து கையுறை கொணர்ந்ததாகக் காட்டுகிறது. அப்பொருள்கள் அனைத்தும் மனமுவந்து அளிக்கப்பட்டவை அல்ல.

துணியும் மனிதரும்

மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் பெற ஒல்லாந்தர்க்குத் தேவைப்பட்டது சோழமண்டலத் துணி. தீவு மக்கள் விரும்பிய மாற்றுப்பொருள் அதுவே. நறுமணப் பொருள்கள் ஆம்ஸ்டர்டாம் சென்று பெரும்பொருள் ஈட்டின. இங்கு உருவான வண்ணத்துணிகள் ஐரோப்பிய மாளிகைகளையும் அணிசெய்தன; இன்றும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் சோழமண்டலத் துணிகளைப் போற்றிக் காத்து வருகிறது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என வழங்கியதன் திரிபே அது. ஊரின் பெயர் உடையின் பெயராகிக் கடல் கடந்து வாழ்கிறது.

கோட்டையினுள் வெடிமருந்து உருவாக்கும் சாலையும் இயங்கியது. கீழைக் கடல்களில் ஒல்லாந்தர் நடத்திய போர்களுக்கு அது பயன்பட்டது.

துணியும் வெடிமருந்தும் மட்டும் இத்துறையிலிருந்து செல்லவில்லை, மனிதரும் சென்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கடற்கரையை வாட்டிய போதெல்லாம், உணவின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகளை ஒல்லாந்தர் விலைக்கு வாங்கினர். ஆண், பெண், குழந்தை என ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு, 1619இல் ஒல்லாந்தர் நிறுவிய பத்தாவியா நகருக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அந்நகரமே இன்றைய ஜகார்த்தா. வழியில் மாண்டோரும் பலர். கம்பெனியின் கணக்கேடுகளில் அவர்கள் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர்.

அறிவின் வாயில்

இவ்வுறவில் வேறொரு முகமும் உண்டு. பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டுகள் சமயகுருவாகப் பணியாற்றிய ஏபிரகாம் ரோஜரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு இந்துசமயம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைவுக்குப் பின்னர் 1651இல் லெய்டன் நகரில் அது அச்சேறியது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் வெளிவந்தது அந்நூல் வழியேதான். மனிதர் விலைபேசப்பட்ட அதே ஊரில் இத்தகைய உரையாடலும் நிகழ்ந்தது. வரலாறு ஒரே நிறத்தில் எழுதப்படுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

பழவேற்காட்டின் பின்னாள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தரோடு ஒத்துப்போக இயலாத ஆங்கிலேயர் வடக்கே துர்க்கராயப்பட்டினம் சென்றனர். அங்கும் வளம் காணாது 1639இல் தெற்கே சென்னையில் இடம்பெற்றனர். சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. ஒல்லாந்தர் 1690இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று.

சென்னையிலிருந்து எண்ணூர் வரை கொக்கிரேன் வெட்டிய கால்வாய் பின்னர்ப் பழவேற்காடு வரை நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. விறகும் சுண்ணாம்பும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதன்வழிச் சென்னை வந்தன. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்கள் உலகோரை ஈர்க்க, வடசென்னையின் கால்வாய் கழிவுநீர் சுமந்து கிடப்பது எண்ணி வருந்தத்தக்கது.

இன்று பொன்னேரி வழியாகப் பழவேற்காடு செல்வோர் கெல்டிரியாவைப் புதர் மண்டிய மேடாகவே காண்பர். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் ஓரளவு நிலைத்துள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே குலச்சின்னங்களும் ஒல்லாந்த மொழி எழுத்துகளும் நுட்பமாகப் பொறிக்கப்பட்ட கற்கள் உள்ளன. அக்கற்களில் காணப்படுவன ஆள வந்தோரின் பெயர்கள். அடிமைகளாகக் கப்பலேறியோரின் பெயர்கள் அங்கு இல்லை.

நினைவு என்னும் கடமை

ஆம்ஸ்டர்டாமின் இளவரசர் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் கட்டடத்தின் முன் நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1942 முதல் 1944 வரை சிறுமி ஆன் ஃபிராங்க் மறைந்து வாழ்ந்த இல்லம் அது. 1960 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. தனக்கு நேர்ந்த துயரத்தை இவ்வாறு நினைவில் காத்த நகரம், தான் பிறர்க்கு இழைத்த துயரத்தை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 2021 ஜூலை முதல் நாள், அடிமை வாணிபத்தில் நகருக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் ஃபெம்கே ஹால்செமா மன்னிப்புக் கோரினார். 2023இல் அதே நாளில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் அந்நகரில் மன்னிப்பு வேண்டினார்.

மன்னிப்புக் கேட்போர் முன்வந்த பின்னும், கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதை இக்கடற்கரை அறியாதிருப்பின் அச்சொல் முழுமை பெறாது. பஞ்சத்தில் விற்கப்பட்டோரின் வரலாறு பாடநூல்களிலும் இலக்கியத்திலும் இடம்பெறுதல் வேண்டும். அதனைத் தேடித் தொகுக்கும் முதற்கடமை, பழவேற்காட்டுக்கு அண்மையில் வாழும் வடசென்னை மக்களுக்கும் அவர்தம் இலக்கிய அமைப்புகளுக்கும் உரியது.

ஆதலின் ஆம்ஸ்டர்டாம் செல்லும் வாய்ப்புப் பெற்றோர், புறப்படுமுன் ஒருநாள் பழவேற்காடு சென்று வருதல் நன்று. ஏரிக்கரையில் நின்று அக்கோட்டை மேட்டைக் கண்டவர்க்கு, அரண்மனைச் சிற்பத்தில் ஆம்ஸ்டர்டாம் நங்கையின் முன் நிற்போர் வெறும் கல்லாகத் தோன்றார். தம் கடற்கரையின் மக்களாகவே தோன்றுவர்.